கறவை வண்டி

துளசிமணி வாங்கிவந்த பழைய மோட்டார் சைக்கிள் மறுநாள் விடியக்காலையில் பால் கொடுத்தது என்று கேள்விப்பட்டபோது கொளத்துவலசில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை, எத்தனை லிட்டர் என்றுதான் கேட்டார்கள். அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். காங்கேயத்துக்குக் கீழ்புறம், மழை எப்போதாவது வழிதவறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அந்த மேய்ச்சல் பூமியில், எது பால் கொடுத்தாலும் கொடுக்கட்டும் என்று பாத்திரத்தை நீட்டுவார்களே தவிர, ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டு அதன் மனதை நோகடிக்க மாட்டார்கள்.

ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவள்தான் வண்டிக்காரி. துளசிமணி வண்டி வாங்கியதே பால் கறப்பதிலிருந்து தப்பித்து ஓடத்தான்.

கறவை கட்டியிருக்கிற வீட்டுக்காரியிடம் உலகம் எவ்வளவு பெரியது என்று கேட்டால், காலைக் கறவைக்கும் சாயங்காலக் கறவைக்கும் நடுவில் பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம் இருக்கும் என்பாள். துளசிமணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாடு மாற்றி மாடு வந்ததே ஒழிய தொழுவம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை, வந்த மாடெல்லாம் அவள் கைக்கு மட்டுமே பழகின. அவள் புருஷன் சென்னியப்பன் நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் போய் அடியில் குந்தினால், வேற்றாள் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டைப் போல மாடு மடியை இழுத்துக்கொள்ளும். அதனால் துளசிமணி எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியைப் பார்த்ததில்லை, எந்த எழவு வீட்டிலும் நிம்மதியாக உட்கார்ந்து அழுததில்லை, கல்யாணமான பிறகு ஒரு ராத்திரிகூட வேறு வீட்டில் தலைசாய்த்ததில்லை.

அவளுக்கு ஒரே தங்கச்சி, வளர்மதி, கொடுமுடியில் வாழ்க்கைப்பட்டவள். வளர்மதிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது துளசிமணி காலைக் கறவையை முடித்துவிட்டு ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், கட்டிலோரம் உட்கார்ந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள், பொழுது சாயச் சாய அவளுக்கே தெரியாமல் பிடி தளர்ந்தது. மயக்கத்தில் கிடக்கிறாள் என்று அவள் நினைத்திருந்த வளர்மதி கண்ணைத் திறக்காமலே, "போக்கா, தொழுவத்துல உன்ற கூடப்பொறந்தது காத்துட்டிருக்கும்" என்றாள். அன்றைக்கு நின்றது பேச்சு. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டாள். துளசிமணிக்குச் சோறு இறங்குகிறபோதெல்லாம் அந்தச் சொல்லும் சேர்ந்து இறங்கியது.

யோசித்து யோசித்து ஒருநாள், மாட்டை விற்றுவிட்டு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தாள். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நினைத்தபோது கிளம்பலாம், போன இடத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஹேண்டில் பாரைப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும், தீவனம் கேட்காது, கத்தாது. வண்டி ஓட்டுவதும் அவளுக்குப் புதிதல்ல. பாவாடை தாவணிக் காலத்திலேயே அப்பாவின் மோட்டார் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து, வளர்மதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் போய், இரண்டு பேரும் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தவள். இந்த வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே சென்னியப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். "ஸ்கூட்டி வாங்கிக்கயேன் புள்ளே" என்று சென்னியப்பன் சொல்லிப் பார்த்தான். கிக்கரை உதைத்து ஓட்டினால்தான் அது வண்டி என்று சொல்லிவிட்டாள்.

வினை எங்கே வந்தது என்றால், மாட்டை விற்ற சந்தையிலேயே வண்டியையும் வாங்கியதில் வந்தது. மூலனூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர், டெம்போ வாங்கிவிட்டதால் பழைய கறுப்பு வண்டியைத் தள்ளிவிட நினைத்துச் சந்தைக்கே ஓட்டிவந்து, காளைகளுக்கு நடுவில் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். அதன்மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் அழிந்து பல வருஷமாகியிருந்தது. துளசிமணி அப்போதுதான் மாட்டை விற்றுவிட்டு, மாடு போனாலும் மாட்டு ராசி வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று எல்லோரும் செய்கிறபடி, அதன் கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தரகர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

நாச்சிமுத்து பிறந்ததிலிருந்து மாட்டுத் தரகைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், முதுகைத் தட்டினார், டேங்கில் விழுந்திருந்த கீறல்களைத் தடவிப் பார்த்து "சுழி சுத்தமா இருக்குதுங்க, குடி கெடுக்கற சுழி ஒண்ணுமில்லை" என்றார். குனிந்து சங்கிலி ஓடுகிற சக்கரத்தின் பற்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, நடு வயது என்றார்.

"எண்ணெய் ஒழுகுமாட்ட இருக்குதுங்களே" என்றாள் துளசிமணி.

"சொட்டுச் சொட்டா ஒழுகும் அம்மிணி. ஒழுகாத வண்டியுமில்லை, மொனகாத மாமியாளும் இல்லை. உதைக்குமான்னு கேளு, உதைக்காது. சாதுவான வண்டி."

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வியாபாரியின் கைமேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். வியாபாரி ஒரு விரலை இழுத்துக்கொண்டார், நாச்சிமுத்து அரை விரலைக் கொடுத்தார், துண்டுக்குள் நடந்தது என்னவென்று சந்தையில் யாருக்கும் தெரியாமல் விலை படிந்தது. வண்டியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார்கள். துளசிமணி சாவி வாங்கக் கை வேண்டுமே என்று சுருட்டியிருந்த கயிற்றை ஹேண்டில் பாரில் மாட்டினாள். வியாபாரியும் வாய்ப் பழக்கத்தில், வலக்கையால் சாவியைக் கொடுத்துக்கொண்டே, "போற வீட்ல பானை நிறையக் கறக்கட்டும்" என்றார். மாட்டுக்குச் செய்கிற மரியாதை ஒன்று விடாமல் அந்த வண்டிக்குச் செய்தாகிவிட்டது. அப்புறம் வண்டியைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்.

மறுநாள் விடியக்காலையில் துளசிமணி விழித்துக்கொண்டாள். இனி எழவேண்டியதில்லை என்று புரண்டு படுத்தாள். அப்போது தொழுவத்தில், வேறு இடமில்லாமல் மாடு நின்ற இடத்திலேயே நிறுத்தியிருந்த வண்டி, மெல்லிசாக ஒருமுறை ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தாள். என்ஜினுக்கு அடியில் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஒழுகும் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார், இதைப் பற்றிச் சொல்லவில்லை. துளசிமணி இடுப்பில் கைவைத்துக் கொஞ்சநேரம் நின்றாள், பிறகு பெருமூச்சு விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பால் குண்டாவை எடுத்துவந்து அடியில் வைத்து, தண்ணீர் தெளித்து, என்ஜினில் இருந்த எண்ணெய்த் திருகாணியைத் தடவிக் கொடுத்தாள். சுர்ரென்று இறங்கியது. நுரை கட்டி, குண்டா நிறைந்து, வெதுவெதுப்பாக, நல்ல பசும்பால்.

சென்னியப்பன் அதில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "போன மாட்டை விட இது தேவல" என்றான்.

பால் சொசைட்டியில் செகரட்டரி ராக்கியப்பன் பாலை மெஷினில் வைத்துப் பார்த்தார், கொழுப்பைப் பார்த்ததும் மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார், அப்புறம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராகத் தொழுவத்துக்கே வந்துவிட்டார். கறவைக்கு நான்கு கால் இருக்கவேண்டும் என்று சொசைட்டி விதியில் எங்கேயும் இல்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். மெக்கானிக் தண்டபாணி ஸ்பேனரோடு வந்து திருகாணியைக் கழற்றிப் பார்த்தான், ஒரு சொட்டுக் கருப்பு எண்ணெய் அவன் மூக்கின்மேல் விழுந்ததோடு சரி. துளசிமணி கை வைத்தால் மட்டும் பால் வந்தது. "எனக்கு இதுல வேலையில்லைங்க, மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லி உடுங்க" என்று தண்டபாணி சைலன்சரைத் துடைத்துவிட்டுப் போனான்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். என்ஜின்மேல் கை வைத்துச் சூடு பார்த்தார், காய்ச்சல் இல்லை என்றார், கறவை நேரத்தில் உடம்பு தளரும் என்று சுண்ணாம்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார், பெட்ரோலில் கலக்கவேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும் என்றார். காதில் போடுகிற மஞ்சள் வில்லையை எதில் மாட்டுவது என்று கொஞ்சம் யோசித்து இடப்பக்கத்துக் கண்ணாடியில் மாட்டினார். கன்று எங்கே என்று கேட்டார். கன்று இல்லை என்றார்கள். கன்று செத்த மாட்டுக்கு வைக்கோல் அடைத்த தோலைக் காட்டிக் கறப்பதில்லையா, அதுபோல ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கூடி யோசித்தது. கடைசியில் எதிர்வீட்டில் யாரும் ஓட்டாமல் கிடந்த சின்ன மூன்று சக்கர சைக்கிளைக் கொண்டுவந்து, வண்டியின் முன்சக்கரத்தோடு உரசுகிறாற்போல் நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் பால் ஒரு படி கூடியது, அப்புறம் அந்த சைக்கிளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்படியாக ஊர் அந்த வண்டியை ஏற்றுக்கொண்டது. வெயில் படக்கூடாது என்று பந்தல் போட்டார்கள், மற்ற வீடுகளுக்குத் தவிடு கொடுக்கிற சொசைட்டி துளசிமணி வீட்டுக்கு மட்டும் கேனில் பெட்ரோல் கொடுத்தது, வெள்ளிக்கிழமை தோறும் ஹெட்லைட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், கண்ணுபடும் என்று நம்பர் பலகைக்கு மேல் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அந்தப் பாலில் உறை ஊற்றிய தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலிருந்தது. டீக்கடைக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நின்று குடித்தார்கள். அழுது அடம்பிடிக்கும் குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்தால் சமர்த்தாகத் தூங்கின, தூக்கத்தில் மட்டும் உதட்டைக் குவித்துக்கொண்டு டுர்ரென்று சத்தம் எழுப்பின. தாய்மார்கள் அதையும் பொருட்படுத்தவில்லை.

துளசிமணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலைக் கறவை முடிந்ததும் சைக்கிளை நகர்த்திவிட்டு, கிக்கரை உதைத்து, காங்கேயம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவந்து, ஒரு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக வண்டியில் சிரித்துக்கொண்டு போகிறவளை எதிரே வந்த லாரிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆனால் அன்று சாயங்காலம் குண்டா பாதிகூட நிறையவில்லை.

செகரட்டரிக்குச் சேதி போயிற்று. மறுநாளே வண்டியின் பின் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, பாசத்தோடு வைத்திருந்தார்கள் என்பது மட்டும் கல்லுக்கு அடியில் மடித்து வைத்த சாக்கைப் பார்த்தால் தெரிந்தது. அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு துளசிமணி தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். மாட்டை விற்றும் மாடு போகவில்லையே என்று அழுதாள். கறக்கக் கொஞ்சம் தாமதமானால் வண்டி ஹாரன் அடித்துக் கூப்பிட்டது, அவள் எழுந்து போகிற வரைக்கும் விடாமல் கூப்பிட்டது. முன்பாவது பஸ் ஏறிக் கொஞ்சதூரம் போய்வருவாள், இப்போது ஊரே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதுவும் இல்லை.

இப்படி இருக்கையில் வளர்மதியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கூடப்பிறந்தவளுக்குத் தட்டு வைத்து நேரில் வந்து அழைப்பதுதான் முறை. வளர்மதி வரவில்லை, அவள் கொழுந்தனார் வந்து பத்திரிகையை வைத்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னார்.

"அண்ணி சொல்லுச்சுங்க, அவங்களுக்கு முடிஞ்சா வரட்டும், தாலி கட்டறதப் பாத்துப்போட்டு மொதப் பந்திலயே சாப்புட்டுக் கெளம்பட்டும்னு. பஸ்ஸு டைமெல்லாம்கூட விசாரிச்சு வெச்சிருக்குதுங்க."

துளசிமணி சிரித்துக்கொண்டே கேட்டாள், சிரித்துக்கொண்டே அவரை வழியனுப்பினாள், கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் சென்னியப்பனிடம், கல்யாணத்துக்கு முதல் நாளே போவதாகவும், கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, பந்தல் பிரிக்கிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வருவதாகவும் சொன்னாள்.

"கறவை?" என்றான் சென்னியப்பன்.

"கறவையிலதான் போறேன்" என்றாள்.

எப்படித்தான் தெரிந்ததோ, கிளம்புகிற அன்றைக்குக் காலைக் கறவை முடிவதற்குள் வாசலில் ஊர் கூடிவிட்டது. சண்டைக்கு வந்த முகம் ஒன்றுகூட இல்லை, எல்லோரும் நல்லபடியாகச் சொல்லிப் பார்க்க வந்திருந்தார்கள், அதுதான் துளசிமணிக்குக் கஷ்டமாக இருந்தது. செகரட்டரி ராக்கியப்பன் முன்னால் வந்தார்.

"அம்மிணி, கல்யாணத்துக்குப் போவேண்டாம்னு ஆரும் சொல்லலை. நாளைக்குக் காலையில கறந்துபோட்டுப் போ. சொசைட்டி செலவுல காரு வெச்சுத் தரோம். தாலி கட்டறதப் பாரு, சாப்புடு, பொழுதோட கறவைக்கு வந்துரு. கறவையப் போயி ஆராச்சும் மேல ஏறி ஓட்டுவாங்களா?"

"நான் வாங்கினது வண்டிங்ணா."

"வண்டிதான். ஆரு இல்லைங்கறா? ஆனாக் கறக்குதில்லை?"

"கறக்குது. கறக்கச் சொல்லி நான் கேக்கலீங்களே."

பின்னாலிருந்து ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "அக்கா, இவன் இந்தப் பாலைத் தவிர வேறெ தொடமாட்டீங்கறானுங்க." குழந்தை துளசிமணியைப் பார்த்து டுர்ரென்றது. துளசிமணி அதன் கன்னத்தைத் தொட்டாள், மனசு இளகத்தான் செய்தது. கோயில் பூசாரி, வருகிற திங்கட்கிழமை அபிஷேகத்தை நினைவுபடுத்தினார். டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் நியாயம் இருந்தது. துளசிமணிக்கு மட்டும்தான் வாய் திறந்து சொல்ல நியாயம் எதுவும் இல்லை, ஒரு தங்கச்சி மட்டும் இருந்தாள்.

"அவ்வளவு தொலைவு ஓட்டினா வத்திப்போயிரும் அம்மிணி" என்றார் ராக்கியப்பன், கடைசியாக.

"வத்தட்டுங்ணா" என்றாள் துளசிமணி. "நான் செத்தாலும் வத்தத்தான போவுது. அதுக்கு முன்னால ஒருக்கா என்ற தங்கச்சி வீட்ல தூங்கி எந்திரிச்சுக்கறேன்."

சென்னியப்பன் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து வந்தான், குனிந்து பின் சக்கரத்துக் கல்லை எடுத்து ஓரமாக வைத்தான், சொசைட்டி கேனில் மிச்சமிருந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றினான், ஊரைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு, "வெள்ளகோயில் வரைக்கும் ரோடு நல்லாருக்கும். அதுக்கப்பறம் பாத்துப் போ. நான் சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டு பஸ்ஸுல வாரேன்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் ஊருக்கு எதிராகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கிக்கரை உதைத்தாள், வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள், இருமிவிட்டு நின்றது. துளசிமணி டேங்கின்மேல் தட்டி, மாட்டை மேய்ச்சலுக்கு முடுக்குகிற அதே குரலில் நாக்கைச் சொடுக்கி, "த்தா, ஹை" என்றாள். உடனே கிளம்பியது. மாடு வந்தால் வழிவிடுகிற பழக்கத்தில் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது, அவள் போகும்போது இரண்டொருவர் சீட்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவள் போனாள். காங்கேயம் ரோட்டில் ஏறி, வெள்ளகோயில் தாண்டி, வேலிக்குள் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளெல்லாம் நிமிர்ந்து பார்க்க, முத்தூர் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைக் கண்ட இடத்திலெல்லாம் வண்டி தானாக நின்றுவிட அதை அதட்டி, சாலையோரம் பச்சையைக் கண்டால் ஹேண்டில் பார் அந்தப் பக்கம் திரும்ப அதை இழுத்துப் பிடித்து, சோளக்காட்டுப் பக்கம் போகிறேன் என்று அடம்பிடித்ததைக் கெட்ட வார்த்தை சொல்லித் திருப்பி, பரிசல் மாதிரி ஆடி ஆடிப் போகிற நெல் லாரியை முந்தி, வாய்க்கால் வந்ததும் காற்றில் ஈரவாடை அடிக்க, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டே இருந்தாள். நின்ற இடத்திலேயே நின்று பழகிய அந்த வண்டிக்கும் போகப் போகக் கால் இளகிப்போயிற்று. ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது அது சந்தோஷமாகக் குலுங்குவது அவள் உடம்பில் தெரிந்தது, துளசிமணி மறுபடி தனியாகச் சிரித்தாள்.

வழியெல்லாம் நின்று நின்று வந்து, கொடுமுடியில் கல்யாண வீட்டு வாசலில் பந்தலடியில் வண்டியை நிறுத்தியபோது பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் வளர்மதி, மடியில் மருதாணி அரைத்த பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்காள் சட்டையும் சேலையுமாகத் தலைகலைந்து வந்து நின்றதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாக்கா. எத்தனை மணிக்குக் கெளம்போணும்?" என்றாள்.

துளசிமணி போய்க் கால் கழுவினாள், கல்யாணப் பெண்ணைத் தலைதடவிக் கொஞ்சினாள், யாரோ கொடுத்த காப்பியைக் குடித்தாள், பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தாள். நடுவில் எத்தனையோ பேர் வந்து வண்டி கறக்கிற கதையைக் கேட்டார்கள், அவளும் சொன்னாள், வளர்மதி மட்டும் தலை நிமிரவில்லை. அப்படியே நேரம் போய்க்கொண்டிருக்கையில், வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

முதலில் மெல்லிசாக ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து மறுபடி. பிறகு நீளமாக, அடித்தொண்டையிலிருந்து. துளசிமணியின் விரல்கள் மடியில் தானாக மடங்கி நீண்டன, மடங்கி நீண்டன, அவள் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். வளர்மதி மருதாணிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அக்காளின் பையை எடுத்து, கொண்டுபோய் வாசற்படியோரம் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை, பழகிப்போன வேலையைச் செய்கிறவளைப் போலத்தான் வைத்தாள். வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

துளசிமணி எழுந்தாள். வாசற்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வட்டத்துக்குள் நடந்துபோய், தங்கச்சிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் வெச்சு உடு" என்றாள்.

வளர்மதி அந்தக் கைகளைப் பார்த்தாள். கறந்து கறந்து கட்டைவிரல் மூட்டில் காய்ப்பு ஏறிய, மருதாணி பட்டே அறியாத கைகள்.

"இது காயறதுக்கு நேரமாவும்" என்றாள்.

"ஆவட்டும்."

"நடுவுல கைய நனைக்கக்கூடாது. ஒண்ணையும் தொடக்கூடாது."

"தெரியும்."

"நல்லாச் செவக்கோணும்னா விடியற வரைக்கும் வெச்சிருக்கோணும்."

"வெச்சிருக்கறேன்" என்றாள் துளசிமணி. "விடிஞ்சு நீயே கழுவி உடு."

வளர்மதி அக்காளின் வலக்கையைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையின் நடுவில் பெரிய வட்டமாக ஒன்று வைத்தாள், அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் வைத்தாள், மருதாணி வழிந்து மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. விரல் நுனிகளுக்குத் தொப்பி போட ஆரம்பித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வட்டத்தின்மேல் விழுந்தது. அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் அப்பினாள்.

வாசலில் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆரு வண்டிங்க அது, இந்தக் கத்துக் கத்துது?"

"எங்க அக்காளுதுங்க" என்றாள் வளர்மதி. "அது கெடக்குது, கத்தட்டும்."

சொல்லிவிட்டு, இன்னொரு கையைக் காட்டு என்றாள்.